இடப்புறம் இழுக்கும் வண்டி

பிப்ரவரி 2, திங்கள். திருமங்கலம்

பயணத்தின் முதற்கூட்டம் முடிந்தது. தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தெற்கு நோக்கிப் போகிறோம். பிப்ரவரி 14 அன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் நிறைவுக் கூட்டம். அதுவரை என் குரல் உடையாமல் இருக்க வேண்டும். எனவே கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் பேசாநோன்பு. வண்டியில் ஏறினால் வெந்நீர், பனங்கற்கண்டு, இந்தக் குறிப்பேடு. முப்பதாண்டுப் பழக்கம் இது. என் கணவர் சேந்தன் இதை என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பவர். வண்டியை நிறுத்த வேண்டுமானால் முன்பலகையை ஒரு தட்டுத் தட்டுவேன்; அவர் நிறுத்துவார்.

எங்கள் வண்டி பழைய பிக்கப். பின்தொட்டியில் பலகை அடித்து மேடையாக்கியிருக்கிறோம். என் முழங்கால் மூட்டுத் தேய்ந்த புதிதில், ஏணியில் ஏறமாட்டாமல் நின்ற என்னைத் தொண்டர் இருவர் தூக்கி மேடையில் வைத்தார்கள். கூட்டம் சிரித்தது. மறுவாரமே சேந்தன் முன்சக்கரச் சுருள்வில்களை அறுத்து, பின்சக்கரத்து வில்தகடுகளில் சிலவற்றைக் கழற்றி, வண்டியைத் தாழ்த்திவிட்டார். "இனிமே ஒன்னைய ஒருத்தன் தூக்கக் கூடாது அறம்" என்றார். அறச்செல்வி என்னும் பெயரை அவர் ஒருவர்தாம் அப்படிச் சுருக்குவார். அன்று முதல் நான் எவர் கையையும் பற்றாமல் மேடை ஏறுகிறேன்.

தாழ்த்திய வண்டிக்கு முன்சக்கரங்கள் அவ்வப்போது கோணிக்கொள்ளும். நேர் செய்தால் போதும். இப்போதும் அதுதான். புறப்பட்டது முதல் வண்டி இடப்புறம் இழுக்கிறது.

சனிக்கிழமை அவருக்குக் கடுந்தலைவலி. இருமுறை வாந்தியும் எடுத்தார். வெயில் என்றார். வெயில்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய். விருதுநகர்

நண்பகல் உணவு ஒரு தொண்டர் வீட்டில். இலையில் எல்லாம் முறையாக வைத்திருந்தார்கள். சேந்தன் பாதிச் சோற்றில் நிமிர்ந்து, "ஏம்ப்பா, இந்த வீட்டுல ஊறுகாய் வைக்கிற பழக்கமில்லையா?" என்று கேட்டார். பரிமாறிய பெண் திகைத்து நின்றாள். ஊறுகாய் இலையின் இடப்பக்க மூலையில் இருந்தது. அதனருகில் உப்பும், பச்சடியும், தொடப்படாத அதிரசமும் இருந்தன. நான் இலையை மெல்ல வலப்புறம் நகர்த்தினேன். "அட, இப்பதான் வைக்கிறீங்களா" என்று சிரித்து உண்டார்.

களைப்பு மனிதனை இப்படி ஆக்கும்.

ஒலிபெருக்கியை இயக்கும் டென்சிங் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். நாசரேத்துக்காரர், எங்களோடு பத்தாண்டுகளாக வருபவர், வாய் ஓயாதவர். "அக்கா, முன்னாடி டயரு ரெண்டும் உள்பக்கமா மொட்டையாயிட்டு வருது. வெளிப்பக்கம் புதுசு கணக்கா இருக்கு. அண்ணே வெட்டுன ஸ்பிரிங்கு பண்ணுத வேல."

"வண்டியப் பத்தி எனக்குத் தெரியும். நீ மைக்கப் பாரு" என்றார் சேந்தன்.

டென்சிங் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. உருளும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அதைக் கண்ணால் காணலாம், கையால் தடவலாம்.

பிப்ரவரி 4, புதன். கோவில்பட்டி

பட்டறையில் முன்சக்கரங்களை நேர் செய்தார்கள். இனிக் கவலையில்லை.

பிப்ரவரி 5, வியாழன். கோவில்பட்டி

கவலை தீரவில்லை. பட்டறையிலிருந்து வந்த வழியிலேயே, பேருந்து நிழற்குடைத் தூணில் உரசி, இடப்பக்கத்துப் பின்பார்க்கும் கண்ணாடி உடைந்தது. தூண் என் தோளுக்கு ஒரு முழத்தில் கடந்து போயிற்று. சாலையின் இடப்புறம் முழுவதும் என் பக்கம். புளியமரமும், பாலத்துக் கைப்பிடிச் சுவரும், மிதிவண்டிக்காரரும், கயிற்றை இழுக்கும் ஆடும் முதலில் என்னிடந்தான் வருகின்றன. வலது காலால் தரையை அழுத்துகிறேன், அங்கே நிறுத்துமிதி இருப்பதைப் போல.

"தூண ரோட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கான் பாரு" என்றார் சேந்தன்.

பின்னாலிருந்து டென்சிங் தலையை நீட்டினார். "தூணு ரோட்டுக்குள்ள இல்லண்ணே. நாமதான் தூணுக்குள்ள போனோம். இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா பஸ்ஸுக்கு நின்ன ஆச்சிக்கு மடியிலயே எடம் போட்டிருப்போம்."

சேந்தன் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபோதுதான் பார்த்தேன்: காலையில் முகம் மழித்தவருக்கு இடக்கன்னத்தில் நேற்றைய நரைமயிர் அப்படியே இருந்தது. விடுதிக் கண்ணாடியில் வெளிச்சம் போதாது.

பிப்ரவரி 6, வெள்ளி. கயத்தாற்றுக்கு அருகே

இதை வண்டிக்குள்ளிருந்தே எழுதுகிறேன்.

என் பக்கக் கதவின் உட்கைப்பிடி முறிந்து நெடுநாள் ஆகிறது. வெளியிலிருந்துதான் திறக்க வரும். கண்ணாடியும் கை நுழையும் அளவுக்கு இறங்காது. சேந்தன் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, என் மூட்டு நிலைகொள்ளும்வரை முழங்கையைத் தாங்கி நிற்பார். அதை மாற்றவே எங்களுக்குத் தோன்றியதில்லை. அவர் திறப்பதும் நான் இறங்குவதும் எங்கள் வழக்கமாகிவிட்டன.

இன்று ஒரு தேநீர்க் கடை முன் நிறுத்தினார். இறங்கினார். கடைக்குப் போனார்.

சுற்றி வருவார் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் தேநீர் வாங்குவதும், கடைக்காரரோடு பேசுவதும், பெஞ்சில் அமர்வதும் தெரிந்தன. இரண்டாம் குவளையும் வாங்கினார். அது எனக்கு என்று எண்ணினேன். அதையும் அவரே குடித்தார். முன்பலகையைத் தட்டினேன். அந்த ஒலி கண்ணாடியைத் தாண்டவில்லை. வலப்பக்கக் கதவு வழியே இறங்கலாம். இடையில், டென்சிங் கியரும் ஹேண்ட்பிரேக்கும் என்பாரே, அந்தப் பற்கோலும் நிறுத்துதடியும் நீட்டிக்கொண்டிருக்க, மடங்காத முழங்காலை அவற்றின்மேல் தூக்கிப் போட வேண்டும். முயன்றேன். பாதியில் சிக்கி, பின்வாங்கி, வியர்த்து அமர்ந்தேன்.

கூப்பிட்டிருக்கலாம். என் ஒரு சொல்லுக்கு அந்தக் கடைவீதியே திரும்பியிருக்கும். ஆனால் மாலையில் கூட்டம் இருக்கிறது, நோன்பை முறிக்கலாகாது.

வெந்நீர் தீர்ந்தது. வெயில் மடியில் ஏறியது. டென்சிங் பின்புறம் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கிடையில் உறங்கிக்கொண்டிருந்தார்.

சேந்தன் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினார். சிறிது தூரம் போனபின் நான் இருமினேன். அவர் துள்ளிவிட்டார். வண்டியே குலுங்கியது.

"ஏ அறம்! எப்ப ஏறுன?"

பிறகு தாமே நகைத்து, "சும்மா சொன்னேன்" என்றார்.

சும்மாத்தான் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 7, சனி. திருநெல்வேலி

டென்சிங் இன்று எங்களோடு வண்டியில் வரவில்லை. கயத்தாற்றில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கக் கண்ணாடியருகே வந்து நின்றார்.

"அக்கா, நான் பஸ்ல வாறேன். முதுகு வலி."

என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் வாங்களேன். சன்னல் ஓரமாப் பாத்து எடம் போட்டுத் தாறேன்."

தலையை அசைத்து மறுத்தேன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அண்ணன் வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போய்விட்டார்.

மாலைக் கூட்டத்தில் இதுவரை காணாத திரள். நான் முழங்கினேன்: "பள்ளியைப் பூட்டியவன் பாதிக் குற்றவாளி! பூட்டும் ஓசை கேட்டும் வாய்திறவாமல் வீட்டுக்குள் படுத்திருந்தவன் மீதிக் குற்றவாளி! கண்முன்னே ஒரு தீங்கு நடக்கிறது, கண்டோம், ஆயினும் சொல்லோம் என்றிருப்பது அடக்கமா? அறமா? அன்பா? இல்லை, இல்லை, கோழைத்தனம்! அது கோழைத்தனம்!"

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. மேடைக்குக் கீழே சேந்தனும் கைதட்டிக்கொண்டு நின்றார். முகம் என் பக்கம் இல்லாமல், மேடையின் வலப்பக்கத்து வெற்று விளிம்பை நோக்கியிருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு. திருநெல்வேலி

பட்டறைகள் விடுமுறை. விடுதி அறையிலேயே இருந்தோம். குளியலறைக்குப் போகையில் நிலைக்கதவில் இடத்தோளை இடித்துக்கொண்டார். திரும்பி வருகையில் இடிக்கவில்லை. வரும்போது நிலைக்கதவு அவருக்கு வலப்புறம்.

எழுதியதை அடித்துவிட எண்ணினேன். அடிக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள். திருநெல்வேலி

டென்சிங் விசாரித்துச் சொன்ன பட்டறைக்குப் போனோம். முதலாளி இசக்கியப்பன், பெருத்த உடம்பும் அதனினும் பெருத்த குரலும் உடையவர். முன்சக்கர வேலையில் தமக்கு நிகர் தென்மாவட்டத்திலேயே இல்லை என்று, நாங்கள் கேட்குமுன்பே அறிவித்தார். நோன்பில் இருந்ததால் சிக்கலைத் தாளில் எழுதி நீட்டினேன்: 'சுக்கான் இடப்புறம் இழுக்கிறது.'

"சுக்கானா? ஏ அண்ணாச்சி, படகு ரிப்பேருக்குத் தூத்துக்குடிக்குல்லா போணும்!" என்று அவர் நகைக்க, "ஸ்டியரிங்கத்தான் அக்கா அப்பிடி எழுதுவாவ" என்று டென்சிங் மொழிபெயர்த்தார்.

இசக்கியப்பன் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். அடியில் நுழைந்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"யாரு அண்ணாச்சி வண்டிய இப்பிடி முட்டி மடக்கி ஒக்கார வச்சது?"

"நாந்தான்" என்றார் சேந்தன்.

"எதுக்கு? காலேஜ் வாசல்ல நிப்பாட்டவா?"

"அக்காவுக்கு மூட்டு வலி. மேடைக்கு ஏறணும்லா" என்றார் டென்சிங்.

"மூட்டு வலி அக்காவுக்கு மட்டுமாவே இருந்துச்சு? இப்ப வண்டிக்கும்லா வந்திருக்கு." வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு விளங்கும்படி இரு உள்ளங்கைகளையும் சக்கரங்களைப் போல நிறுத்திக் காட்டினார். உச்சிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. "ஸ்பிரிங்க வெட்டுனா வண்டி இறங்கும். வண்டி இறங்குனா டயரு இப்பிடித் தலையச் சாய்க்கும். சாஞ்ச டயரு உள்பக்கமாத் தேயும். குழியில இறங்குனா ஸ்டியரிங்கு தானாத் திரும்பும். நீங்க ஊரு ஊரா அலைன்மென்ட் பாத்தீயளே, அது எங்க நிக்கும்? திருப்புத போல்ட்டு கடைசி முனையில வந்து நிக்கி. இதுக்கு மேல திருப்ப எடமே கெடையாது."

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார் டென்சிங்.

"முழு ஸ்பிரிங்கு போட்டு வண்டிய பழைய ஒசரத்துக்குத் தூக்கணும். தேஞ்ச டயரு, ஜாயின்ட்டு எல்லாம் மாத்தணும். அப்புறம் நேர் பண்ணுனா அம்பு மாதிரி போவும்."

"தூக்கக் கூடாது" என்றார் சேந்தன். "இருக்கிற ஒசரத்துல நேர் பண்ணிக் குடு."

"செவுத்துல முட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு, செவுத்த நவுத்தாம வழி சொல்லுங்கீயளே அண்ணாச்சி!"

"அவ எப்பிடி ஏறுவா? நீயா தூக்கி விடுவ?"

சேந்தனுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த வண்டியின் தாழ்வு என் மூட்டின் அளவுக்கு அவர் அறுத்துச் செதுக்கியது. எனக்கு வேறெவரும் இப்படி ஒன்று செய்ததில்லை.

எனினும் தாளை எடுத்து எழுதினேன்: 'உயர்த்திவிடுங்கள்.' அதை அவரிடம் நீட்டாமல் இசக்கியப்பனிடம் நீட்டினேன். அவர் உரக்கப் படித்தார்.

சேந்தன் வண்டியின் மேடைப்பலகையை ஒருமுறை தடவினார். பின்பு, "ஒனக்கு ஏறக் கஷ்டமாயிருக்குமே அறம்" என்றார். என்னிடம் சொல்வதாக எண்ணி டென்சிங்கை நோக்கிச் சொன்னார்.

வண்டி சரியாகட்டும். சரியானால் எல்லாம் சரியாகும்.

பிப்ரவரி 10, செவ்வாய். நாங்குநேரி

வண்டி நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது. எனக்கு முன்பின் அறியாத வண்டியைப் போலத் தோன்றிற்று. இசக்கியப்பன் எங்களை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போனார். ஆளில்லா இடத்தில் சுக்கானிலிருந்து இரு கைகளையும் எடுத்து, தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். வண்டி கோடு கிழித்தாற்போல் நேரே போயிற்று.

"பாத்தீயளா அக்கா? இனி எடப்பக்கம் இழுத்துச்சுன்னா என் பேர மாத்திக்கிடுதேன்!"

என் கண்களில் நீர் வந்துவிட்டது. டென்சிங்கூட இன்று வண்டியில் ஏறினார்.

பின்பு சேந்தன் சுக்கானைப் பிடித்தார். நாங்குநேரிச் சாலை அகலமானது, புதியது. வண்டி சற்றே இடப்புறம் ஒதுங்கியது.

சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்புறம் சாய்வாகத்தான் போடப்படுகின்றன. காற்றும் பலமாக இருந்தது. மேலும் இசக்கியப்பன் பெருமைக்காரர். பெருமைக்காரர்கள் வேலையை அரைகுறையாக விடுவதுண்டு.

மேடை ஏற, சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதன்மேல் கால்வைத்து ஏறினேன். எவரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன். நாங்குநேரிக்குத் தெற்கே

நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஒரு சிற்றூர். மூடப்போவதாகச் சொல்லப்பட்ட தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள் எங்களை வரவேற்கச் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். கைகளில் தாள்கொடி. சீருடை மட்டுமல்ல, எண்ணெய் வைத்து வாரிய தலைகளும் எனக்குத் தொலைவிலிருந்தே தெரிந்தன. அவர்கள் நின்றது இடப்புறம். என் பக்கம்.

வண்டி ஒதுங்கியது. முன்பலகையைத் தட்டினேன். "என்ன அறம், தண்ணி வேணுமா?" என்று கேட்டாரே தவிர வேகம் குறையவில்லை. மீண்டும் தட்டினேன். இரு கைகளாலும் அறைந்தேன். முதற்பிள்ளை, முன்பல் இல்லாத ஒரு சிறுமி, கொடியை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் அவளருகில் நிறுத்தவே வருகிறோம் என்று நினைத்தாள் போலும்.

"வலப்பக்கம்! ஐயோ, வலப்பக்கம் திருப்புங்க!" என்று கதறியபடி சுக்கானைப் பற்றி இழுத்தேன்.

வண்டி சாலை நடுவே திரும்பிக் குலுங்கி நின்றது. கொடிகள் முன்தகட்டில் சடசடவென்று அடித்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு கொடி மட்டும் சக்கரத்தின்கீழ் கிடந்தது. ஆசிரியை பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்து அணைத்துக்கொண்டு, நிறம் செத்த முகத்தோடு எங்களைப் பார்த்தார்.

சேந்தன் மூச்சு வாங்கினார். "ஏன் அறம் கத்துற? என்னாச்சு?"

"புள்ளைங்க."

"எந்தப் புள்ளைங்க? எங்க நிக்கிதுக?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சாலையை, எதிரே வெறிச்சோடிய சாலையை, உண்மையாகவே தேடினார்.

பின்பு டென்சிங் இறங்கி வந்து சொன்னதும், "இசக்கியப்பன் ஒழுங்காப் பாக்கல. ஏமாத்திட்டான்" என்றார். என்னை நோக்கி, "அப்பிடித்தானே?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேன். இதை எழுதும் இந்தக் கைதான் சற்றுமுன் அவரிடமிருந்து சுக்கானைப் பிடுங்கியது. இந்தத் தலைதான் அப்படி ஆடியது.

பிள்ளைகள் முன் பேச எழுந்தேன். 'கண்டோம், ஆயினும் சொல்லோம்' என்னும் அந்தப் பகுதி வந்தது. அதைத் தாண்ட இயலவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டேன். குரல் கட்டிவிட்டது என்று டென்சிங் அறிவித்தார்.

முன்பல் இல்லாத சிறுமி வேறொரு கொடி கொண்டுவந்து கொடுத்தாள். குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

இரவு அந்தச் சிற்றூரிலேயே தங்கினோம். காலையில் நாகர்கோவிலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. சேந்தன் எனக்கு முன்பே ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார். டென்சிங் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறு அறம். நேரமாச்சு."

நான் என் கதவுக்குப் போகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"என்ன பேசுற? தொண்டை..."

"தொண்டை கெடக்கட்டும். இறங்குங்க. வண்டி நல்லா இருக்கு. இசக்கியப்பன் சரியாத்தான் பாத்திருக்காரு. ஸ்பிரிங்கு இல்ல, டயரு இல்ல, ரோடு இல்ல."

அவர் சுக்கானை இரு கைகளாலும் பிடித்தபடி இருந்தார்.

"உங்களுக்கு இடப்பக்கம் தெரியல."

டென்சிங் கம்பி சுருட்டுவதை நிறுத்திவிட்டார். சுருட்டி முடித்த கம்பியையே மீண்டும் அவிழ்க்கத் தொடங்கினார்.

"தெரியும்" என்றார் சேந்தன்.

"எப்பருந்து?"

"தலைவலி வந்துச்சில்ல. அதுக்கு மறுநாளு எந்திரிச்சப்ப ஒரு பக்கம் காணாம்னு தோணுச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். அப்புறம் கண்ணாடி போட்டா சரியாயிரும்னு நெனச்சேன். வண்டியச் சொன்னாங்க. வண்டின்னே நெனச்சுக்கிட்டேன். நேத்து அந்தப் புள்ளைகள..." நிறுத்தினார். "கொடி சத்தம் கேட்டுச்சு அறம். சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

முப்பதாண்டுச் சொற்பொழிவில் எதிரணியினர் என்னை நோக்கி எத்தனையோ வினாக்களை வீசியிருக்கிறார்கள். இந்த ஒன்றுக்கு அவர் தோளில் கைவைத்தேன்.

"நான் எறங்கிட்டா ஒன்னைய யாரு கொண்டு போவா? கன்னியாகுமரிக்கு ரெண்டு நாளுதான் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டிரலாம்னு..."

"பஸ்ஸு போகும். டென்சிங் போகலையா?"

"ஒன் காலுக்கு பஸ் படி ஆகுமா?"

"யாராச்சும் தூக்கி விடுவாங்க. தூக்கட்டும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வலப்புறம் நின்றுகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்து நாளாச்சு, ஒன்னைய முழுசாப் பாத்து" என்றார். பின்பு சுக்கானிலிருந்து கைகளை எடுத்தார். முழங்கையைத் தாங்கி இறக்கிவிட்டேன்.

டென்சிங் ஓட்டினார். திருநெல்வேலி மருத்துவமனைக்கு. சேந்தன் கதவோரம் அமர்ந்தார். நான் நடுவில், முழங்காலைப் பற்கோலுக்கு இப்புறம் ஒடுக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக வண்டிக்குள் அவருக்கு வலப்புறம் அமர்ந்தேன். வண்டி நேராகப் போயிற்று. கதவின் உட்கைப்பிடி இருக்கும் இடத்தை அவர் கை ஒருமுறை தடவித் தேடியது. கிடைக்காமல் மடிக்கே திரும்பியது.

மருத்துவமனை வாயிலில், டென்சிங் தூக்கி இறக்க, ஓட்டுநர் பக்கமாக நான் இறங்கிச் சுற்றி வந்து, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. திருநெல்வேலி

மூளையின் வலப்பக்கத்தில் ஒரு குருதிக்குழாய் அடைத்திருக்கிறது. கண்களில் பழுதில்லை, கண்கள் காண்பதில் இடப்பாதியை மூளை வாங்கவில்லை. தலைவலி வந்த அன்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இனி வண்டி ஓட்டலாகாது.

நான் கட்டிலின் வலப்புறம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். மருத்துவர் அதைக் கண்டு, "அந்தப் பக்கம் உக்காராதீங்கம்மா. இவருக்குத் தெரியாத பக்கமா உக்காந்து பேசுங்க. பேசிக்கிட்டே இருக்கணும். அப்பதான் அவரு தலை அந்தப் பக்கம் திரும்பப் பழகும்" என்றார்.

பிப்ரவரி 14, சனி. திருநெல்வேலி

கடற்கரையில் மேடை போட்டாயிற்றாம். வர இயலாது என்று டென்சிங் வழியாகச் சொல்லியனுப்பினேன். வண்டி மருத்துவமனைப் பின்முற்றத்தில், உயர்ந்த கால்களோடு நிற்கிறது.

நாற்காலியை இடப்புறம் மாற்றிப் போட்டேன். நான் அமர்ந்ததை அவர் அறியவில்லை. என் பேசாநோன்பு அவரை அந்த வண்டிக்குள் எவ்வளவு தனிமையில் விட்டிருந்தது என்பதை, அவர் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது கண்டேன்.

பேசத் தொடங்கினேன். என்ன பேசுவதென்று முதலில் விளங்கவில்லை. கூட்டம் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை. மருத்துவமனைச் சாம்பாரில் உப்பில்லை என்றேன். டென்சிங் பற்கோலை ஒவ்வொரு முறையும் கறகறவென்று போடுகிறார், பல் எல்லாம் கொட்டிவிடும் என்றேன். கயத்தாற்றில் இரண்டு தேநீரையும் நீங்களே குடித்தீர்கள், அதற்கு இன்னும் நான் கணக்குத் தீர்க்கவில்லை என்றேன். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே பேசினேன்.

"அறம்? எங்கருக்க?"

"இந்தப் பக்கந்தான். தேடுங்க."

கண்கள் வலப்புறம் போயின. திரும்பி வந்தன. நெற்றி சுருங்கிற்று. தலை மெல்ல, பிடித்துவைத்த எதையோ இழுத்துக்கொண்டு வருவதைப் போல, இடப்புறம் திரும்பத் தொடங்கியது.

நான் பேச்சை நிறுத்தவில்லை.